பந்து எங்கேயும் ஓடிவிடாது

போன வாரம் முழங்கால் வலியோடு ஷட்டில் ஆடுகிறவர்களைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள். அதற்கு நடுவே முழங்காலுக்குச் சம்பந்தமே இல்லாத கடிதம் ஒன்று இருந்தது. எழுதியவர் கோவை வாசகி ஒருவர். 25 வருடங்களாக வீட்டிலேயே பாட்டு வகுப்பு எடுக்கிறார். கணவர் தனியார் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர்.

‘ரிட்டயர் ஆன முதல் நாலு மாசம் இவர் சோபாவை விட்டு எழுந்திருக்கலை சார். பேப்பரை விரிச்சா மதியம் வரைக்கும் அதே பக்கம்தான். பழைய நண்பர் ஒருத்தர் வந்து கோல்ஃப் ஆடக் கூட்டிட்டுப் போனார். மறுநாள் காலையில அஞ்சரை மணிக்கு இவரே எழுந்து ஷூ எங்கேன்னு கேட்டார். நான் பூஜை ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன். இப்ப ஒன்றரை வருஷம் ஆச்சு. பந்து நேராவே போக மாட்டேங்குதாம். தினமும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு வர்றார். ஞாயிற்றுக்கிழமை, ‘செட்டை வித்துடப் போறேன்’னு சொல்லிட்டார். மறுபடியும் அந்த சோபாவை நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு. ஒருநாள் நானும் கூடப் போய் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு கோல்ஃப் தெரியாது. ஆனா, அவர் அடிக்கிறப்ப தாளம் தப்புதுன்னு மட்டும் தெரிஞ்சுது. அதைச் சொன்னேன். ‘உனக்கு இதுல என்ன தெரியும்?’னு கேட்டுட்டார். எனக்கு என்னதான் சார் தெரியும்?’

அம்மா, உங்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது. இந்த வாரம் நான் முழுக்க உங்கள் கட்சி. சாருக்கும் இதைப் படிக்கக் கொடுங்கள். முடிந்தால் காபி கொடுத்துவிட்டுக் கொடுங்கள்.

கோல்ஃப் என்றதும் பக்கத்தைத் தள்ளிவிடப் பார்க்கும் மற்ற வாசகர்களும் கொஞ்சம் பொறுங்கள். பணக்காரர்கள் விளையாட்டு என்று நானும் ரொம்ப நாள் ஒதுங்கித்தான் இருந்தேன். 49 வயதில், அலுவலக நண்பர் ஒருவரின் தயவில் ஒரு கூடைப் பந்து வாங்கிப் பழகும் இடத்தில் அடித்துப் பார்த்தேன். முப்பது பந்துகளில் ஒன்றே ஒன்று, எப்படி என்றே தெரியாமல், காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. கையில் எதுவுமே உணரவில்லை, வெண்ணெயைத் தொட்ட மாதிரி இருந்தது. மீதி 29 பந்தும் தரையில் உருண்டது ஞாபகம் இல்லை. அந்த ஒரு பந்துதான் ஆளை இழுத்துப் போட்டது. சாருக்கும் அப்படி ஒரு பந்து இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இந்த விளையாட்டின் வம்பே பந்து நிற்கிறது என்பதுதான். கிரிக்கெட்டில் பௌலர் ஓடி வருகிறார், பந்து பிட்ச் ஆகிறது, எழும்புகிறது. எப்போது மட்டையை வீச வேண்டும் என்று அந்தப் பந்தே நமக்குச் சொல்லிவிடுகிறது. டென்னிஸும் ஷட்டிலும் அப்படித்தான். கோல்ஃபில் பந்து புல்லில் சிவனே என்று உட்கார்ந்திருக்கிறது. எப்போது ஆரம்பிப்பது, எந்த வேகத்தில் ஏறுவது, எப்போது இறங்குவது எல்லாம் உங்கள் பாடு. தாளம் போட ஆள் இல்லாத கச்சேரி. பாடுகிறவரே தொடையில் தட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக் கவலை, அலுவலகக் கோபம், பின்னால் நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் எல்லாம் நேராக அந்தத் தாளத்தில்தான் போய் இறங்கும்.

கோல்ஃப்காரர்கள் டெம்போ, ரிதம் என்று இரண்டு வார்த்தைகளைச் சேர்த்தே சொல்வார்கள். பலருக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுக்குக் குழப்பமே வராது. சரளி வரிசையைப் பிள்ளைகளை மூன்று காலத்திலும் பாடச் சொல்கிறீர்கள் அல்லவா? வேகம் மாறுகிறது. ஸ்வரங்களுக்குள் இருக்கும் கணக்கு மாறுவதில்லை. அந்த வேகம்தான் டெம்போ, நீங்கள் காலப்பிரமாணம் என்பீர்கள். உள்ளே இருக்கிற கணக்கு ரிதம். வேகம் ஆளுக்கு ஆள் மாறலாம், கணக்கு மாறினால் வம்பு.

அந்தக் கணக்கு என்ன என்பதுதான் சுவாரஸ்யம். ஜான் நோவோசெல் என்ற அமெரிக்கர், பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோக்களை ஒவ்வொரு ஃப்ரேமாக ஓட்டி எண்ணிப் பார்த்தார். அவர் எண்ணிய வீடியோவில் நொடிக்கு 30 ஃப்ரேம். மட்டை பந்தின் அருகே இருந்து கிளம்பி தோளுக்கு மேல் போய்ச் சேரும் வரை ஓர் எண்ணிக்கை. அங்கிருந்து இறங்கிப் பந்தைத் தொடும் வரை இன்னோர் எண்ணிக்கை. நிதானமாக அடிக்கிறவர்களுக்கு 27-ம் 9-ம் வந்தது. நடுத்தரமானவர்களுக்கு 24-ம் 8-ம். வேகக்காரர்களுக்கு 21-ம் 7-ம். எதை எடுத்தாலும் மூன்றுக்கு ஒன்று! 2004-ல் ‘டூர் டெம்போ’ என்று புத்தகமே போட்டார். யேல் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் குரோபர் மட்டைக்குள் கருவி வைத்து அளந்து பார்த்தபோதும், தேர்ந்த ஆட்டக்காரர்களின் கணக்கு மூன்றுக்கு ஒன்றை ஒட்டியே வந்தது. மட்டையின் வேகத்தை ஒலியாக மாற்றி, அடிக்கிறவர் காதிலேயே கேட்க வைக்கும் கருவியையும் அவர் உருவாக்கினார். காதால் கோல்ஃப் கற்பது என்பது யேல் வரை போன விஷயம் என்று சாரிடம் சொல்லுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் அடிப்பதைப் பார்த்தால் தூக்கத்தில் கை வீசுகிறாரோ என்று தோன்றும். ‘பிக் ஈஸி’ என்றே அவருக்குப் பட்டப்பெயர். ஜிம்பாப்வேயின் நிக் பிரைஸ் அடித்தால், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் தெரியும். ஒருவர் நான்கு மேஜர் பட்டங்கள் வென்றார், இன்னொருவர் மூன்று. ஆகவே, ‘எல்ஸ் மாதிரி மெதுவாக அடி’ என்று நிக் பிரைஸிடம் யாராவது சொல்லியிருந்தால் அந்த மூன்றும் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். நடக்கும்போது வேகமாக நடக்கிறவர், பேசும்போது வேகமாகப் பேசுகிறவர், மட்டையையும் கொஞ்சம் வேகமாகத்தான் வீசுவார். அது அவர் சுருதி. அதை மாற்றப் போகாதீர்கள்.

இந்த ‘மெதுவா’ என்ற வார்த்தையால் நான் ஒரு வருடம் நாசமானேன். முதல் நாளில் இருந்தே எல்லோரும் எனக்குச் சொன்னது, ‘மெதுவா சார், மெதுவா!’ நானும் சொன்னபடி கேட்டேன். தேர் நகர்கிற மாதிரி மட்டையை மேலே கொண்டு போவேன். போய்ச் சேர்ந்ததும், பொறுத்தது போதும் என்று உடம்பு முழுவதும் ஒரே இழுப்பு! பந்து வலது பக்கம் வாழைக்காய் மாதிரி வளைந்து வேலிக்கு வெளியே போய்விடும். ‘இன்னும் மெதுவா’ என்பார்கள். இன்னும் மெதுவாக ஏறுவேன், இன்னும் பயங்கரமாக இறங்குவேன்.

கடைசியில் என் கேடிதான் கண்ணைத் திறந்தார். (போலீஸ் ஸ்டேஷன் போர்டில் இருக்கும் கேடி இல்லை. மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, பந்து போன இடத்தைக் கண்டுபிடித்து, எந்த மட்டை எடுக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்.) என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். சிறுவனாக இருந்தபோதே பை தூக்க வந்தவர். ஆட்டம் இல்லாத திங்கட்கிழமைகளில் யாரோ கொடுத்த ஒற்றைப் பழைய மட்டையை வைத்து அடித்துப் பழகியிருக்கிறார். வாய்க்குள் எப்போதும் ஏதாவது பழைய பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப் பை தூக்கியவர்களில் இருந்து பெரிய ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். 2009-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற பெங்களூரு சின்னசாமி முனியப்பா அப்படி வந்தவர்தான்.

அன்று தொடர்ந்து மூன்று பந்துகளைத் தொலைத்துவிட்டு, நான்காவதை அடிக்கக் கை ஓங்கி நின்றேன். அண்ணன் சாவகாசமாகச் சொன்னார், “சார், பந்து எங்கயும் ஓடிடாது. நீங்க மெதுவா போறீங்கன்னு நினைக்கிறீங்க. மெதுவா இல்ல, பயந்துக்கிட்டுப் போறீங்க. கீழே வரப்ப அந்தப் பயம்தான் ஓடி வருது.”

அன்று மாலை போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பார்த்தேன். நொடிக்கு 240 ஃப்ரேம் பிடித்து எட்டு மடங்கு மெதுவாக ஓட்டிக் காட்டும். இன்னொரு போனில் ஸ்டாப்வாட்ச். மட்டை மேலே ஏற 10 விநாடி, கீழே வர 2 விநாடி. ஐந்துக்கு ஒன்று! நல்ல ஆட்டக்காரருக்கு அதே வீடியோவில் சுமார் 6, 2 என்று இருக்கும். இறங்கும் நேரத்தில் எனக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஏறும்போதுதான் நான் கணக்கைத் தொலைத்திருக்கிறேன்.

கணக்கு தப்பினால் பந்து ஏன் வளைய வேண்டும்? சாட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி நகர்ந்து, அந்த அசைவு வரிசையாக ஓடி, கடைசியில் நுனி ‘சடார்’ என்கிறது. இங்கேயும் இறங்கும்போது முதலில் கால், அப்புறம் இடுப்பு, மார்பு, கை, கடைசியில் மட்டை. ஒவ்வொன்றும் தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். அவசரக்காரருக்குக் கையும் தோளும்தான் முதலில் கிளம்பும். மட்டை வெளியில் இருந்து உள்ளே குறுக்காக வெட்டிப் பந்தைத் தொடும். பந்து வலது பக்கம் சுழன்றுகொண்டே போகும். இதைத்தான் ஸ்லைஸ் என்கிறார்கள். சாரின் பந்து ‘நேராகப் போகாமல்’ போகிற திசை வலது பக்கம்தானா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பாதி நோய் தெரிந்துவிட்டது. மட்டை பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் 2,000-ல் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நேரத்தில் எதையும் சரி செய்ய முடியாது. முன்னால் செய்ததுதான் பலிக்கும்.

இப்போது உங்கள் வேலை, அம்மா. மூன்றுக்கு ஒன்று என்றால் மொத்தம் நாலு. உங்களுக்கு உடனே பொறி தட்டியிருக்கும், ‘தகதிமி’! மட்டை கிளம்பும்போது ‘த’. ‘க’, ‘தி’ என்று ஏறி, ‘மி’ வரும்போது மட்டை உச்சியில். அடுத்த ஆவர்த்தனத்தின் ‘த’ விழும் இடத்தில் பந்து. அதாவது, பந்தில் மட்டை படுவது உங்கள் பாஷையில் சமம். த – க – தி – மி – த! நடுத்தர வேகக்காரருக்கு முதல் ‘த’வில் இருந்து அடுத்த ‘த’ வரை ஒரு நொடியைவிடக் கொஞ்சம் அதிகம். நிதானமானவருக்கு 1.2 நொடி. சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் வாய் சொல்லும். ‘மி’யில் நிற்கிறோமா, நகர்கிறோமா என்று சார் ஆராய வேண்டாம். ஜப்பானின் ஹிடேகி மட்சுயாமா உச்சியில் ஒரு கணம் நின்றே விடுகிறார். அப்படி நின்றுதான் 2021-ல் மாஸ்டர்ஸ் வென்றார்.

அமெரிக்காவின் சாம் ஸ்னீட் மனசுக்குள் வால்ட்ஸ் இசையை ஓட்டிக்கொண்டே அடிப்பார் என்று சொல்வார்கள். அவர் பிஜிஏ டூரில் 82 பட்டங்கள் வென்றவர். அதில் கடைசிப் பட்டம் 1965-ல், 52 வயதில். தாளத்தை நம்பி ஆடுகிறவருக்கு வயது கொஞ்சம் தள்ளி நின்று வழி விடுகிறது போலிருக்கிறது. அவருக்கு வால்ட்ஸ் என்றால் நமக்குத் தகதிமி.

முதல் ஒரு வாரம் பந்தே வேண்டாம். மொட்டை மாடி போதும். மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, தலைப்பகுதிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கைப்பிடிப் பக்கத்தை வீசச் சொல்லுங்கள். ‘விஷ்க்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் எங்கே வருகிறது என்பதுதான் பாடம். வலது தோள் பக்கத்திலேயே வந்துவிட்டால் மேலேயே வேகத்தைச் செலவழித்துவிட்டார் என்று அர்த்தம். பந்து இருக்க வேண்டிய இடத்தில், அல்லது அதைத் தாண்டி வர வேண்டும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம், சத்தம் எந்தப் பக்கம் என்று. பாட்டு டீச்சர் காதுக்கு இது பெரிய வேலையா?

இரண்டாவது வாரம் பந்து வைக்கலாம், டிரைவரைத் தொடக் கூடாது. செட்டிலேயே நீளமான மட்டை அது. அதைக் கையில் எடுத்தாலே ஆண்களுக்கு பலம் காட்டும் ஆசை வந்துவிடும். எட்டாம் நம்பர் அயர்ன் எடுத்து, இரண்டு காலையும் ஒட்டி வைத்து நின்று, பாதி வீச்சு மட்டும். அவசரப்பட்டால் கால் தடுமாறும், உடம்பே ஆசிரியர் ஆகிவிடும். பிடியும் முக்கியம். முறுக்கு அச்சை அழுத்துகிற பிடி வேண்டாம், மார்க்கெட்டில் தக்காளி பொறுக்குகிற பிடி போதும். இறுகிய கையில் தாளம் நிற்காது. அடித்து முடித்த பிறகு, பந்து தரையில் விழும் வரை அதே நிலையில் நிற்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் நிற்க முடிந்தால் அந்த அடி கணக்கோடு வந்தது.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் காரை விட்டு இறங்கியதும் முதல் அடியையே பலமாக அடிப்பது இடுப்புக்கு ஆகாது. பத்து நிமிடம் நடந்து, தோளையும் இடுப்பையும் திருப்பிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். ஏற்கெனவே முதுகு வலி இருந்தால் டாக்டரைக் கேட்ட பிறகுதான் இதெல்லாம்.

மாடியில் வரும் தாளம் மைதானத்தில் வராது. அதற்கும் தயாராக இருங்கள். முதல் அடிக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். எதிரே குட்டை ஒன்று இருக்கும். உடனே காலப்பிரமாணம் ஓடிவிடும். உங்கள் மாணவிகள் வீட்டில் நன்றாகப் பாடிவிட்டு நவராத்திரி மேடையில் ஓட்டமெடுப்பதில்லையா? அதேதான். அங்கே என்ன செய்வீர்கள்? சுருதியைக் கேட்டு, மூச்சு விட்டு, தாளத்தைப் போட்டுவிட்டுத்தானே எடுக்கச் சொல்வீர்கள். இங்கேயும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அதே வரிசை. பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பது, ஒரு மூச்சு, ஒரே ஒரு வெறும் வீச்சு, பிறகு அடி. குட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே நேரம். மட்டை வீசும் ஒரு நொடிக்கான தாளம், அதற்கு முன்னால் இருக்கும் இருபது நொடியில்தான் உருவாகிறது.

கிரீனில், குழிக்குப் பக்கத்தில் போய் மெல்ல உருட்டும் பட்டிங்குக்கு நடை வேறு. அங்கே இரண்டுக்கு ஒன்று என்கிறார் நோவோசெல். சதுஸ்ரத்தில் இருந்து திஸ்ரத்துக்கு மாறுகிறோம்! ‘தகிட’. ‘த’வில் கிளம்பி, ‘ட’வில் பின்னால் போய்ச் சேர்ந்து, அடுத்த ‘த’வில் பந்து. தூரம் அதிகம் என்றால் வீச்சை நீளமாக்க வேண்டும், தாளத்தை மாற்றக் கூடாது. இதில் வலு தேவையே இல்லை. நம் பெங்களூரு பெண் அதிதி அசோக், தூரமாக அடிக்கிறவர்களில் ஒருவரே அல்ல. பட்டிங்கின் பலத்தில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம் வரை போனார், வெண்கலத்தை ஒரே ஒரு அடியில் தவறவிட்டார். வீட்டு ஹாலில், கார்ப்பெட்டில், டம்ளரைச் சாய்த்து வைத்து சார் இதைத் தினமும் பழகலாம். சோபாவுக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கும்.

எனக்குச் சரியாக நான்கு மாதம் ஆனது. இப்போது என் வீடியோவில் ஏற 6.8 விநாடி, இறங்க 2.2. பந்து இன்னும் சில சமயம் வலது பக்கம் போகத்தான் செய்கிறது. வேலிக்கு வெளியே போவது குறைந்துவிட்டது, அண்ணனுக்குப் பந்து தேடும் வேலையும் குறைந்துவிட்டது. அவர் இன்னமும் என் ஸ்விங்கைப் பாராட்டியதில்லை. நான் அடிக்கும்போது முன்பு பாட்டை நிறுத்திவிடுவார். இப்போது நிறுத்துவதில்லை, அவ்வளவுதான்.

அம்மா, ஒரே ஒரு வேண்டுகோள். தாளம் மட்டும் போடுங்கள். தோளை இப்படி வையுங்கள், முட்டியை மடக்குங்கள் என்று யூடியூப் பார்த்து ஆரம்பித்துவிடாதீர்கள். அதற்கு அங்கே கோச் இருப்பார். தாளம் தப்பியதும், ‘தப்பிடுச்சு’ என்று சொல்லாமல், மாணவிகளுக்குச் செய்கிற மாதிரி மறுபடி முதலில் இருந்து ‘த’ போடுங்கள், போதும்.

சார், இது உங்களுக்கு. செட்டை விற்பதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். இன்று மாலை பேரனிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ போனைக் கொடுத்து ஸ்லோமோஷனில் ஒரு அடியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஏற எத்தனை விநாடி, இறங்க எத்தனை விநாடி? அந்த இரண்டு எண்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள். ஒரு மாதம் மேடத்தின் தகதிமிக்கு அடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி இரண்டு எண்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நானும் காத்திருக்கிறேன்.